எந்தப் புதூர்?

சாரல் மாதங்களில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் வெளியூர்க்காரர்கள் எவரைக் கண்டாலும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "அருவியில தண்ணி விழுதா?" நாங்களும் கொஞ்சமும் கூசாமல், "நல்லா விழுது, போங்க" என்று அனுப்பிவைப்போம். போய்ப் பார்த்துவிட்டா சொல்கிறோம்? மேற்கே மலை இருட்டிக் கிடந்தால் தண்ணீர் விழும், அவ்வளவுதான் எங்கள் சாஸ்திரம். ஒருமுறை என்னோடு வேலை பார்த்த மேடத்திடம் ஒரு குடும்பம் இதையே கேட்டது. நானும் பக்கத்தில் நிற்கிறேன். "நேத்து சாயங்காலம் மெயினருவியில விழுந்துச்சு, பாத்தேன். இன்னைக்கு அந்தப் பக்கம் போகல" என்றார். அந்த அம்மாள் குழம்பிப்போய், "அப்போ விழுதா, இல்லியா?" என்று திருப்பிக் கேட்டார். "தெரியாதும்மா" என்றார் மேடம். அந்தக் குடும்பம் என்னைப் பார்த்தது. நான் "நல்லா விழுது, போங்க" என்றேன்.

பஸ் ஏறிய பிறகு மேடம் என்னிடம் கேட்டார். "அண்ணாச்சி, நீங்க இன்னைக்குக் குத்தாலம் போனியளா?"

"இல்ல மேடம்."

"பெறவு?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இப்படி ஒரு மனுஷியோடு ஆறு வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தேன்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஒரு கல்லூரி. அதில் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் நான் உதவியாளர். நிரந்தர வேலை இல்லை, வருஷா வருஷம் நீட்டித்துக்கொடுக்கிற வேலை. மேடம் அங்கே பகுதிநேர விரிவுரையாளர். பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் என்னை அண்ணாச்சி என்பார், நான் அவரை மேடம் என்பேன். பெயரை இங்கே எழுதவில்லை. அவரிடம் கேட்காமல் எழுதுவது முறையில்லை.

"நான் பாக்கலியே." இதுதான் அவருடைய வார்த்தை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வாயில் வரும். பிரின்சிபால் வந்துவிட்டாரா என்றால் "கார் நிக்கி, ஆளப் பாக்கல" என்பார். மழை பெய்கிறதா என்றால் எழுந்து போய் வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வார். முதல் வருஷம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இரண்டாம் வருஷம் எரிச்சலாக இருந்தது. அதற்குப் பிறகு பழகிவிட்டது.

இந்தக் குணத்தால் ஒரு கல்யாணமே நின்றுபோனது. மேடம் குடியிருந்த தெருவில் ஒரு பெண்ணுக்குச் சுரண்டையிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அக்கம்பக்கம் விசாரிக்க வந்தவர்கள், படித்தவர் என்று நேரே மேடம் வீட்டுக்கு வந்தார்கள். பொண்ணு எப்படி என்று கேட்டதற்கு மேடம் சொன்ன பதில் இது: "ரெண்டு தரம் எங்க வீட்டுக்கு வந்திருக்கா. ரெண்டு தரமும் செருப்ப ஓரமா ஒழுங்கா கழத்திப் போட்டா. மத்தது எனக்குத் தெரியாது."

வந்தவர்களுக்குச் செருப்பு காதில் விழவில்லை. "மத்தது" மட்டும் விழுந்தது. என்னமோ இருக்கு, மேடம் மறைக்காங்க என்று அப்படியே திரும்பிவிட்டார்கள். பெண்ணின் அம்மா மேடம் வீட்டு வாசலில் வந்து நின்று, பெற்ற வயிறு பற்றி எரிகிற மாதிரி பேசினாள். மறுநாள் மேடம் லீவு போட்டுவிட்டுச் சுரண்டைக்கே போனார். தெரியாது என்றால் தெரியாது என்றுதான் அர்த்தம், வேறொன்றும் இல்லை என்று விளக்கியிருக்கிறார். விளக்கப் போனதே சந்தேகத்தைக் கூட்டிவிட்டது. இரண்டு நாள் மதியச் சாப்பாட்டைப் பிரிக்காமலே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனார்.

எனக்கு மனசு ஆறாமல் கேட்டேன். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்த நடத்தச் சொல்லியிருக்கு. நீங்க ஒத்த வார்த்த, நல்ல பிள்ளதான்னு சொன்னா என்ன கொறஞ்சா போயிருவிய?"

"தெரியாம சொல்லி நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, அண்ணாச்சி?"

"இப்ப மட்டும் என்ன ஆச்சாம்?"

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு அடுத்த வருஷம் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. மேடத்துக்குப் பத்திரிகை வைக்கவில்லை.

சரி, மண்ணுக்கு வருகிறேன். களர் மண் என்று ஒன்று உண்டு. கோடையில் மேலே வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். ஈரத்தில் கிள்ளித் தேய்த்தால் சோப்பு மாதிரி விரலில் வழுக்கும். அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளிகள் துணி வெளுக்க அள்ளிக்கொண்டு போவார்களாம். நெல்லோ உளுந்தோ அதில் தலை தூக்காது. விவசாயிகள் அதைச் "செத்த மண்ணு" என்பார்கள். மேடத்தின் ஆராய்ச்சி அந்த மண்ணில் உயிர் இருக்கிறதா என்பதுதான். நாங்கள் மண் எடுக்கப் போகிற இடத்தில் எல்லாம், "செத்த மண்ணுல என்னத்தத் தேடுதிய?" என்று கேட்பார்கள். "செத்துருச்சான்னு பாத்துட்டுச் சொல்லுதேன்" என்பார் மேடம், கொஞ்சமும் சிரிக்காமல்.

உயிர் இருந்தது. சாதாரணக் கிருமிகளுக்கு நாங்கள் கொடுக்கிற உணவில் அது வளராது. அதே உணவில் சோடா உப்பைத் தனியாக வேகவைத்து ஆறிய பிறகு கலந்து, காரம் அளக்கிற தாள் கருநீலம் காட்டுகிற அளவுக்குக் கொண்டுவந்தால் மூன்றாம் நாள் தட்டில் வெளிர்மஞ்சள் புள்ளிகளாக எழும்பி வரும். மற்ற உயிர்கள் வெந்து சாகிற காரத்தில் அது சுகமாகக் குடித்தனம் நடத்தும். நல்ல தண்ணீர் கொடுத்தால் சுருண்டுவிடும். சவுக்காரம் என்றால் சோப்பு, அதனால் நான் அதற்குச் சவுக்காரத்தான் என்று பெயர் வைத்தேன். மேடமும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். காலையில் வந்ததும், "சவுக்காரத்தான் எந்திச்சுட்டானா அண்ணாச்சி?" என்பார். நான் தட்டைத் திறக்காமலே "எந்திச்சுட்டான்" என்பேன். அவர் வந்து பார்ப்பார்.

அதன் மரபணுவைப் படித்துச் சொல்ல வெளியூருக்கு அனுப்பினோம். வந்த முடிவை மேடம் நாலு தடவை படித்தார். உலகத்தில் இதுவரை பெயர் வைத்த எதனோடும் அது சேரவில்லை. புதுசு. முதலில் கண்டுபிடித்து முறைப்படி எழுதுகிறவர்தான் பெயர் வைக்கலாம். அன்றைக்குத்தான் மேடம் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தேன்.

"உங்க பேர வையுங்க மேடம்" என்றேன்.

"நானா பெத்தேன்? மண்ணு குடுத்த ஊரு பேர வைப்போம்."

வீரகேரளம்புதூர். அதன் பின்னால் லத்தீன் வால் ஒன்றைச் சேர்த்து ஒரு தாளில் எழுதிக் காட்டினார். "படிச்சு முடிக்கதுக்குள்ள அவன் செத்துப்போவான் மேடம்" என்றேன். அதற்கும் சிரித்தார். அந்தப் பெயரோடு கட்டுரை வெளிவந்தால் பட்டம் கிடைக்கும். எங்கள் கல்லூரியிலேயே காலியாக இருந்த நிரந்தர வேலையும் அநேகமாக அவருக்குத்தான். வீட்டில் நடக்க முடியாத அப்பாவை வைத்துக்கொண்டு எட்டு வருஷமாகப் பகுதிநேரமாக ஓட்டிக்கொண்டிருந்தவர். எல்லாம் அந்தச் சவுக்காரத்தான் கையில் இருந்தது.

இனி என் கதையைச் சொல்லவேண்டும். அந்த மண்ணை எடுத்தது மேடம் இல்லை. அந்த மாதம் அவருக்கு விடைத்தாள் திருத்தும் வேலை. "வீ.கே.புதூர்ல களர் இருக்காம், ஒரு எட்டுப் போய் எடுத்துட்டு வந்திருங்க அண்ணாச்சி" என்றார். போனேன், எடுத்தேன், பிளாஸ்டிக் கவரில் கட்டி மேலே "புதூர்" என்று எழுதினேன். அடுத்த வாரம் செங்கோட்டையைத் தாண்டிப் புதூரில் என் சித்தி பேரனுக்குக் கல்யாணம். அதுவும் புதூர்தான். மண்டபத்துக்குப் பின்னால் கைகழுவப் போன இடத்தில், வாய்க்கால் ஓரம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. மேடத்துக்கு ஆகுமே என்று ஒரு கவரில் அள்ளி, கல்யாண வீட்டில் மொய் எழுதிக்கொண்டிருந்தவரிடம் பேனா வாங்கி, மேலே எழுதினேன். என்ன எழுதினேன்? "புதூர்."

எங்கள் பக்கம் அப்படித்தான். வீரகேரளம்புதூர்க்காரனும் புதூர் என்பான், செங்கோட்டைப் புதூர்க்காரனும் புதூர் என்பான். எந்தப் புதூர் என்று கேட்டால் இரண்டு பேரும் ஒரே மாதிரி முறைப்பார்கள். நான் இரண்டு கவரையும் ஒரே அலமாரியில் வைத்தேன். மேடம் வந்து கேட்ட அன்று, கைக்கு அகப்பட்டதை எடுத்து "இந்தாங்க, புதூர் மண்ணு" என்று கொடுத்தேன். இன்னொன்று பின்னாலேயே கிடந்தது. பிறகு அலமாரியை ஒழிக்கும்போது, புதூர் மண்ணுதான் கொடுத்தாச்சே என்று தூக்கிப் போட்டுவிட்டேன். தட்டில் புள்ளி எழும்பிய அன்று மேடம் கேட்டார்: "இது வீ.கே.புதூர்தான?" நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. களர் என்றால் கிழக்கே வறண்ட பக்கம்தான் இருக்கும், பச்சைப்பசேல் என்கிற செங்கோட்டைப் பக்கம் அள்ளியது நினைப்பிலேயே இல்லை. "ஆமா மேடம்" என்றேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

கட்டுரை அனுப்பும் முன்னால் அதே இடத்தில் இன்னொரு தரம் மண் எடுத்து அது இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்றார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. இரண்டு பேரும் வீ.கே.புதூருக்குப் போனோம். நான் எடுத்த குழி அப்படியே இருந்தது. மண்ணில் என்னென்னவோ வளர்ந்தது, சவுக்காரத்தான் மட்டும் வரவில்லை. மறுபடி போனோம். நாலாம் தடவையும் வராதபோது, வரப்பில் நின்று மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க பாத்துச் சொன்னியளா, நெனச்சுச் சொன்னியளா?"

அப்போதுதான் எனக்கு அந்தக் கல்யாண மண்டபம் ஞாபகம் வந்தது. வெயிலில் நின்றபடி இரண்டு கவர் கதையையும் சொன்னேன். "நெனச்சுதான் சொன்னேன் மேடம்" என்று முடித்தேன். அவர் திட்டவில்லை. தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு, "வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

மறுநாள் துறைத்தலைவர் அறையில் போய்ச் சொன்னார். அவர்தான் மேடத்தின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. கட்டுரையில் அவர் பெயரும் உண்டு, அவர் கையெழுத்தில்லாமல் அனுப்ப முடியாது. நான் அப்போது அதே அறையில் பீரோவிலிருந்து கண்ணாடிக் குடுவைகளை எடுத்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

"வீ.கே.புதூர்னே போட்டு அனுப்புங்க. யாரு வந்து தோண்டிப் பாக்கப் போறா?" என்றார் அவர்.

"அங்க அது இல்ல சார். நாலு தடவ பாத்தாச்சு."

"அப்போ தென்காசி மாவட்டம்னு மட்டும் போடுங்க."

"எடுத்த எடம் சரியாத் தெரியலன்னும் சேத்து எழுதணும் சார்."

"எழுதினா எவன் ஒத்துக்குவான்? எனக்கும் சேர்த்து அசிங்கம்." அவர் குரல் ஏறியது. "கவர்ல லேபிள் எழுதினது யாரு?"

நான் குடுவையைக் கையில் பிடித்தபடி நின்றேன். போன வருஷம்தான் பக்கத்து ஆய்வகத்தில் ஒருவரை, மருந்துப் புட்டி மாற்றி வைத்தார் என்று நீட்டிப்புக் கொடுக்காமல் அனுப்பியிருந்தார்கள். என் மகள் அப்போது நர்சிங் கடைசி வருஷம். மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை.

"கவர்ல எழுதும்போது நான் பாக்கல சார். நோட்டுல எழுதினது நான்தான்."

அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அவர் பார்க்கவில்லைதான். நோட்டில் எழுதியது அவர்தான். துறைத்தலைவர் அதற்குப் பிறகு அரைமணி நேரம் மேடத்தைப் பேசினார். பொறுப்பில்லை என்றார், எட்டு வருஷம் படித்தும் ஒரு லேபிள் பார்க்கத் தெரியவில்லை என்றார், பகுதிநேர ஆட்களை வைத்தால் இப்படித்தான் என்றார். மேடம் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் எழுதினேன் சார் என்று சொல்ல எனக்கு மூன்று வார்த்தை போதும். குடுவைகளை எண்ணினேன். எண்ணிய குடுவைகளையே திரும்பவும் எண்ணினேன்.

வெளியே வந்து மேடம் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "செங்கோட்டைப் புதூருக்கு எந்த பஸ் அண்ணாச்சி?"

மண்டபத்துக்குப் பின்னால் அந்த இடத்தைச் செம்மண் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். வாய்க்கால் ஓரமாகவே நடந்து தேடினோம். ஒரு வயல்காரர், "இங்கன கோடையில உப்புப் பூக்கும், மழ விழுந்தா ஓடிப்போயிரும்" என்றார். நாங்கள் போனது சாரல் நேரம். அது முடிந்து, வடகிழக்கு மழையும் முடிந்து, தரை காய்கிற வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பங்குனி வெயிலில் வெள்ளை பூத்தது. எடுத்தோம். இந்தத் தடவை கவர் மேல் ஊர், வழி, வாய்க்கால், வயல்காரர் எல்லாம் எழுதினேன். மேடம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை தட்டில் வெளிர்மஞ்சளாக எழும்பியிருந்தது. நான் முதலில் பார்த்துவிட்டு, ஆய்வகத்தில் ஆள் இல்லாததால் கொஞ்ச நேரம் அழுதேன்.

ஆனால் அதற்குள் ஒரு வருஷம் போயிருந்தது. கட்டுரையைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்த ஒரு மதியம் மேடம் கம்ப்யூட்டர் முன்னால் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். போய் நின்றேன்.

"பேரு வெச்சுட்டாங்க அண்ணாச்சி."

வேறு ஏதோ ஒரு தேசம். அங்கே ஒரு கார ஏரிக்கரையில் அதே உயிரை எடுத்து, ஏரியின் பெயரை வைத்திருக்கிறார்கள். நம்முடையதும் அதுவும் ஒன்றுதானா என்று கேட்டேன். ஒன்றுதான், வரிசை வரிசையாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன் என்றார். கண்டவன் எவனோ கொண்டுபோய்விட்டான் என்று ஏதோ உளறினேன்.

"அப்படிச் சொல்லாதீங்க. முழுசாப் படிச்சேன். எடுத்த எடத்த நல்லாப் பாத்து எழுதியிருக்காங்க" என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, மூன்று மணி வகுப்புக்குப் போனார்.

பட்டம் பிறகு வந்தது. நிரந்தர வேலைக்கான நேர்முகம் அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. கட்டுரை இல்லாதவரை எடுக்க மாட்டார்கள், வேறொருவரை எடுத்தார்கள். அந்த ஆள் வந்த பிறகு பகுதிநேரத்துக்கும் தேவையில்லாமல் போனது. மேடம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போக முடிவு செய்தார், அங்கே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எனக்கு அந்த வருஷமும் நீட்டிப்பு வந்தது.

அப்பாவைத் தம்பி முன்னமே காரில் அழைத்துப் போய்விட்டார். மேடம் இரண்டு பைகளோடு தனியாகத்தான் பஸ் ஏறினார். ஒரு பையை நான் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தேன். மதுரை பஸ் வந்து நின்று, பையை மேலே வைத்து, அவர் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"மேடம், அன்னைக்கு சார் ரூம்ல நான் வாயத் தொறந்திருக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார்.

"ஆமா அண்ணாச்சி. தொறந்திருக்கணும்."

வேறு யாராக இருந்தாலும், விடுங்க அண்ணாச்சி, முடிஞ்சது முடிஞ்சுபோச்சு என்றிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் நான் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. கம்பியிலிருந்து கையை எடுத்தேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் பின்னால் போய், திரும்பி, வாசலைத் தாண்டும்போது மேடம் கையை வெளியே நீட்டி அசைத்தார்.

முகத்தில் கோபம் இல்லை. அதை நான் பார்த்தேன். மன்னித்தாரா என்று கேட்டால், எனக்குத் தெரியாது.